மாணவி வந்து சொன்னால் பள்ளிக்குள்ளேயே விசாரித்து முடிக்கலாமா?

கரும்பலகை:
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு வாரமாகப் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே படியேறினாள். பார்த்தேன், கேட்கவில்லை. அப்புறம் அவளே வந்து சொன்னாள்: மாடிப்படித் திருப்பத்தில் பெரிய வகுப்புப் பையன்கள் இரண்டு பேர், நெரிசலைச் சாக்கிட்டு உடம்பைத் தொடுகிறார்களாம். என் வாயில் முதலில் வந்தது, "நீ ஏன் அந்தப் பக்கம் போறே?" அதற்குமேல் அவள் பேசவே இல்லை. ஹெச்எம் அறையில் பையன்களைக் கூப்பிட்டு விசாரித்தோம், அவளையும் எதிரே நிற்கவைத்து, அவளிடம் அவர்களை மன்னிப்புக் கேட்க வைத்தோம். அடுத்த மாதம் டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பள்ளி விசாரிக்கவே கூடாது, உடனே புகாரை அனுப்ப வேண்டும் என்கிறேன். உங்கள் கருத்து?

ஓய்வறை:
உங்கள் வேதனை புரிகிறது டீச்சர். ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை. 26 வருட அனுபவத்தில் சொல்கிறேன், விஷயம் வெளியே போனால் முதலில் நின்றுபோவது அந்தப் பெண்ணின் படிப்புதான். "இனி பள்ளிக்கூடமே வேண்டாம்" என்று பெற்றோர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பதினைந்து வயதுப் பையன் மேல் போலீஸ் கேஸ் என்றால் அவன் கதி? கண்டிக்கவும் திருத்தவும்தானே நாம் இருக்கிறோம்?

மாலைமணி:
சார், இதில் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ போலீஸுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. 'விசாரித்து உறுதிசெய்துவிட்டு' என்ற சொல் அதில் இல்லை. மறைத்தால் 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பையனைப் பற்றிய கவலை நியாயம். 18 வயதுக்குக் கீழ் என்றால் அவன் விவகாரம் 2015 சிறார் நீதிச் சட்டப்படி சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். லாக்கப்பில் வைக்கக் கூடாது.

ஓய்வறை:
சட்டம் தெரியும் அம்மா. தவறான குற்றச்சாட்டு என்றால்? கலிஃபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளியில் பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் நடந்தது என்ற வழக்கு 1983இல் கிளம்பி 1990 வரை இழுத்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. பள்ளி நடத்தியவர்களின் வாழ்க்கை போனதுதான் மிச்சம்.

மாலைமணி:
அந்த வழக்கைத்தான் நானும் சொல்லவந்தேன். அது ஏன் நிற்கவில்லை? பெரியவர்கள் திரும்பத் திரும்பத் துருவி, பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் குழந்தைகளிடம் கேட்டார்கள். கடைசியில் எது குழந்தையின் நினைவு, எது கேட்டவரின் சொல் என்று பிரிக்க முடியவில்லை. ஹெச்எம் அறையில் நான்கு பேர் சுற்றி நின்று கேட்பதும் அதே ஆபத்துதானே? உண்மையும் கெடும், பிள்ளையும் நொந்துபோகும். தொட்டவர்களுக்கு எதிரே அவளை நிறுத்தியதை என்னால் தாங்க முடியவில்லை.

நிழல்மரம்:
இரண்டு பேரிடமும் ஒரு கேள்வி. கழிப்பறைச் சுவரில் பெயர் எழுதுவது, வாட்ஸப் குழுவில் மாணவிகளுக்கு மார்க் போடுவது, மென்மையாகப் பேசும் பையனைப் பட்டப்பெயர் வைத்து அழவைப்பது, இதெல்லாம் எங்கே சேரும்? எல்லாவற்றுக்கும் போலீஸைக் கூப்பிட முடியாது. இங்கே கண்டிக்காமல் "விளையாட்டுதானே" என்று விடுவதால்தான் மாடிப்படி வரை வருகிறது. சரி, அந்தத் திருப்பத்தில் இடைவேளை நேரத்தில் ஆசிரியர் யாராவது நின்றாரா?

கரும்பலகை:
இல்லை. எங்கள் ட்யூட்டிப் பட்டியலில் மைதானமும் வாசலும்தான் இருந்தன. இப்போது படியும் இருக்கிறது. பிள்ளை பேச வந்தால் "சொல்லும்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முடிந்தபின் அவள் சொன்ன வார்த்தைகளையே தேதி போட்டு எழுதிவைக்கிறேன். யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை அவளிடமே முதலில் சொல்லிவிடுகிறேன். என்ன செய்வதென்று தெரியாதவர்கள் குழந்தைகள் உதவி எண் 1098க்காவது பேசுங்கள்.

ஓய்வறை:
எதிரெதிரே நிறுத்தியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் பெற்றோரை உட்காரவைத்துப் பேசாமல் புகார் போகக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. அந்த மாணவியிடம் பிறகு பேசினீர்களா?

கரும்பலகை:
பெற்றோரே வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் சார்? அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளிடம் பேசவில்லை. டிசி வாங்க அவள் அம்மா மட்டும்தான் வந்தார்.