மறுமொழி: 'மிகை மெய்ம்மை' வேண்டாம், 'இயைமெய்' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கண்முன் உள்ள மெய்ப்பொருளின்மேல் கணினிப் படத்தைப் பொருத்திக் காட்டும் நுட்பத்துக்கு (augmented reality) 'மிகை மெய்ம்மை' என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, மாற்றுவானேன் என்று முந்தைய மடலில் கேட்டிருந்தீர்கள். அருங்காட்சியகப் பார்வையாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதும்போதுதான் அந்தச் சொல் என்னை இடறியது. மிகை என்றால் நமக்குத் தேவைக்கு மேற்பட்டது. 'மிகைபடக் கூறல்' நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஒன்று. 'மிகை மெய்ம்மைக் காட்சி' என்று பலகை வைத்தால், உள்ளே உண்மையைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்றே படிப்பவர் நினைப்பார். அருங்காட்சியகத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் எலும்புக்கூடுகள் அரங்கை எண்ணிப் பாருங்கள். 2015இல் வந்த செயலியைத் திறந்து கருவியை ஓர் எலும்புக்கூட்டை நோக்கிப் பிடித்தால், திரையில் அதே எலும்பின்மேல் தசையும் தோலும் ஏறுகின்றன. முழுக்கப் புனைவுக் காட்சியையே காட்டும் மெய்நிகர் (virtual reality) கண்ணாடி அணிந்தாலோ எதிரே உள்ள பொருள் மறைந்துவிடும். இங்கே அந்தப் பொருள்தான் ஆதாரம். 1997இல் ஆய்வாளர் ரொனால்ட் அசூமா இந்த நுட்பத்துக்கு வகுத்த இலக்கணமும் மூன்றே: மெய்யும் புனைவும் கலத்தல், உடனுக்குடன் எதிர்வினை, முப்பரிமாணத்தில் இடம் பிசகாமல் பொருந்துதல்.

அந்தப் பொருத்தத்தைச் சொல்லத்தான் 'இயை'. அதற்கு 'இணைப்பு' போதாதா எனலாம்; ஆனால் 'இணைப்பு' என்றால் கம்பியோ இணைய முகவரியோ நினைவுக்கு வருகிறது. 'இயைமெய்' வினைத்தொகை: இயைந்த மெய், இயைகின்ற மெய், இயையும் மெய். பார்ப்பவர் ஓரடி நகரும்போதெல்லாம் புதிதாய்ப் பொருந்திக்கொண்டே இருக்கும் காட்சிக்கு முக்காலமும் அடங்கிய தொகை எத்தனை பொருத்தம்! மெய்க்கு உடல் என்ற பொருளும் உண்டு. எலும்பு மெய் பெறுவதைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டியதில்லை. இயைமெய்ச் செயலி, இயைமெய்க் கண்ணாடி எனக் கிளைக்கவும் இடர் இல்லை.

வந்து சேர்வது படம்தானே, மெய் அன்றே என்று ஒரு தடை எழலாம். நானும் அதில்தான் நெடுநேரம் நின்றேன். 'உண்கலம்' வழிகாட்டியது. கலம் உண்பதில்லை, அதில் நாம் உண்கிறோம். அதுபோல, படம் வந்து இயையும் மெய் இயைமெய்.

சிறுவர்களுக்கான பலகையில் மட்டும் 'இயைகாட்சி' என்று எளிதாக்கலாமா, அல்லது ஒரே சொல்லே எங்கும் நிற்கட்டுமா? இதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. எழுதுங்கள்.