டிரேயரின் ஜோன் படம்: உங்களை விடாத ஒரு காட்சி

கூண்டோரம்:
டிரேயர் எடுத்த 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' என்ற 1928 ஊமைப் படம், பிரெஞ்சுப் பெண் ஜோனைத் தேவாலய நீதிபதிகள் விசாரித்து எரித்த கதை. அது இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக வருகிறேன். எனக்குக் கோர்ட்டில் தட்டச்சு வேலை, இருபத்திரண்டு வருடமாகிறது. சாட்சி சொல்வதை அப்படியே அடிக்க வேண்டும், அவ்வளவுதான். போன மாதம் மகனுடைய லேப்டாப்பில் இந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன், பத்து நிமிடத்தில் எழுந்துவிடலாம் என்ற நினைப்பில். வயது என்ன என்று கேட்கிறார்கள். ஜோனாக நடிக்கும் ஃபால்கொனெட்டி உடனே பதில் சொல்லவில்லை, விரல்விட்டு எண்ணுகிறார். எண்ணி முடித்துத்தான் பத்தொன்பது என்கிறார், அதுவும் உறுதியில்லாமல். அங்கேயே நிறுத்திவிட்டேன். மூன்று வருடம் முன்பு ஒரு நிலத் தகராறில் சாட்சி சொல்ல வந்த கிழவி, இதே கேள்விக்குக் கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து விரல் மடக்கினார். வக்கீல்கள் சிரித்தார்கள். நான் 'வயது சுமார் 70' என்று அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். படத்திலும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 1431-இல் பிரான்சின் ரூவான் நகரில் நடந்த விசாரணையின் பதிவேட்டை வைத்துத்தான் டிரேயர் இதை எடுத்தார், படமே அந்த ஏட்டைப் புரட்டும் கைகளோடுதான் தொடங்குகிறது. விரலை மடக்கியதை எந்தக் குமாஸ்தா எழுதப்போகிறான்? நானும் எழுதவில்லை.

ஊமைவிழி:
மேலே எழுதியவர் கொடுத்துவைத்தவர், தனியாகப் பார்த்திருக்கிறார். நான் பார்த்தது ஒரு திரைப்படச் சங்கத்தில், முப்பது நாற்காலி, பாதி காலி. கர்த்தர் ஜெபத்தை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்கிறார்கள் இல்லையா, என் அம்மா என்று ஜோன் சொல்லும்போது கண்ணீர் ஒரே ஒரு சொட்டு இறங்கும். சரியாக அந்த இடத்தில் ஸ்பீக்கரில் வயலின் ஏறியது. ஏறியது என்றால் சாதாரணமாக இல்லை, கல்யாண வீடியோவில் மகளை அனுப்பிவைக்கும்போது போடுவார்களே, அந்த மாதிரி. பின்னால் ஒருவர் உச்சுக்கொட்டினார். எனக்கு வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது, இன்றுவரை திரும்ப வரவில்லை. ஊமைப் படத்தை ஊமையாகவே விடுங்கள். டிரேயருக்கே 1950-களில் பரோக் இசை (பாக், விவால்டி காலத்துப் பழைய ஐரோப்பிய இசை) சேர்த்து மற்றவர்கள் வெளியிட்ட பதிப்பு பிடிக்கவில்லை.

ரீல்பெட்டி:
@ஊமைவிழி, ஒரு வயலினுக்காக இசையையே ஒதுக்கினால் எப்படி அண்ணே? இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஐன்ஹார்ன் 1994-இல் இந்தப் படத்தைப் பார்த்த தாக்கத்தில் எழுதிய இசையைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். என் காட்சி சின்னது. கம்பத்தில் கட்டும்போது கயிறு கீழே விழுகிறது, அவளே குனிந்து எடுத்துக் கொடுக்கிறாள். அவ்வளவுதான், அன்று இரவு தூங்கவில்லை.

அப்புறம், புதிதாகப் பார்க்கப்போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். முதலாவது வேகம். நொடிக்கு 24 பிரேமில் ஓட்டினால் ஏறக்குறைய 81 நிமிடத்தில் முடியும், 20-இல் ஓட்டினால் 97 வரை போகும். எது சரி என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், நான் 20 கட்சி, முகத்தில் ஒரு எண்ணம் உருவாகி மறைய அந்த நேரம் வேண்டும். இரண்டாவது, எந்தப் பிரதி என்று பாருங்கள். மூல நெகட்டிவ் 1928 டிசம்பரில் பெர்லினில் எரிந்துபோனது. அதே காட்சிகளைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் மிச்சமிருந்த வேறு டேக்குகளை வைத்து டிரேயர் ஒன்று ஒட்டினார், அதுவும் தீயில் போனதாக நினைத்தார்கள். பல வருடம் உலகம் பார்த்தது அரைகுறைகளைத்தான். 1981-இல் நார்வேயின் ஆஸ்லோ பக்கத்தில் ஒரு மனநல மருத்துவமனையின் சாமான் அறையில் பெட்டிகள் கிடைத்தன, சென்சார் கை வைக்காத டேனிஷ் பிரதி. டிரேயர் 1968-லேயே போய்விட்டார், ஃபால்கொனெட்டி 1946-இல். அதனால் பழைய மங்கல் பதிவேற்றத்தைப் பார்த்துவிட்டு 'என்ன பெரிய படம்' என்று இங்கே வந்து எழுதாதீர்கள். மூன்றாவது, போனில் பார்க்காதீர்கள். நான்காவது, ஹெட்போன் விஷயத்தில்...

கிராப்பு:
அண்ணே, நாலாவதோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை 🙂

என் தொழில் சலூன். அந்த முடி வெட்டும் காட்சியில் கத்தரி போகிற விதத்தைப் பார்த்தாலே தெரியும், விக் இல்லை, அவர் சொந்த முடிதான். முகத்தில் மேக்கப்பும் கிடையாது. ஏற்கெனவே ஒட்ட வெட்டிய தலை, அதை இன்னும் மண்டை தெரிய எடுக்கிறார்கள், திட்டுத்திட்டாக நிற்கிறது. ஆனால் எனக்கு உறைத்தது அதற்கப்புறம். ஒருவன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து முடியைக் கூட்டுகிறான், அதோடு சேர்த்து அவளைக் கிண்டல் பண்ணிப் போட்டுவிட்ட வைக்கோல் கிரீடத்தையும் கூட்டுகிறான். அவள் அதைப் பார்க்கிறாள். பார்த்த பிறகுதான் நீதிபதிகளைக் கூப்பிடச் சொல்கிறாள், உயிருக்குப் பயந்து, தான் சொன்னதெல்லாம் பொய் என்று கையெழுத்துப் போட்டது தப்பு என்று சொல்ல. நான் தினமும் பத்துத் தடவை கூட்டுகிறவன். கூட்டும்போது நாற்காலியில் இருப்பவர் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

தூரதேசி:
ரூவானுக்கே போனேன், இந்தப் படத்துக்காகவே. ஜோனை எரித்த இடம் பழைய சந்தைச் சதுக்கம். நான் போனபோது மழை, சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள், நடுவில் 1979-இல் முடித்த வினோதக் கூரை போட்ட தேவாலயம். படத்தில் பார்த்த ஒரு சுவரையாவது தேடலாம் என்று அரைநாள் சுற்றினேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது, ரூவானில் எடுக்கவே இல்லை, பாரிஸ் அருகே கான்கிரீட்டில் ஒரு கோட்டையே கட்டியிருக்கிறார்கள். கருப்பு வெள்ளையில், வானம் பின்னால் இருக்கும்போது சாம்பலாகத் தெரிய வேண்டும் என்று சுவருக்கு ரோஸ் பெயின்ட். அத்தனை செலவு செய்து கட்டிவிட்டு மனுஷன் முகத்தை மட்டும் காட்டுகிறார்! தயாரிப்பாளருக்கு எப்படி இருந்திருக்கும். காபி குடித்துவிட்டு ரயிலேறிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம்தான் நான் தேடிய ஊர் என்று எழுதலாம்தான், கொஞ்சம் ஓவராகிவிடும்.

கூண்டோரம்:
@ரீல்பெட்டி சார், லேப்டாப்பில் ஓடியது எந்த வேகம் என்று மகனுக்கும் தெரியவில்லை, சத்தம் மட்டும் அணைத்திருந்தது. @கிராப்பு தம்பி, நீங்கள் சொன்ன பிறகு மிச்சத்தையும் பார்த்தேன். துடைப்பம் வரை.

சாட்சி எப்படி நடந்துகொண்டார் என்று நீதிபதி குறித்துவைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அவர் சொன்னால்தான் நான் அடிக்க முடியும். அன்று அவர் சொல்லவில்லை, சிரிப்பு அடங்கட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழக்கு இன்னும் ஓடுகிறது, வாய்தா அடுத்த மாதம் 9-ஆம் தேதி.