ஐஸ்லாந்துப் பயணம்: அக்டோபர் தொடக்கம் உகந்ததா?

மன்னார்குடி உறுப்பினர்:
குறுவை அறுவடை முடிந்த பின்னரே எங்களால் ஊரைவிட்டு நகர முடியும். நானும் என் மனைவியும் எட்டு நாள்களில் ஐஸ்லாந்து முழுவதையும் காரில் சுற்றிவர எண்ணுகிறோம். அக்டோபர் தொடக்கம் சரிவருமா என்று சென்று வந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கும்பகோணம் உறுப்பினர்:
மாதம் சரிதான், ஐயா. ஜூனில் இரவு இருள்வதே இல்லையாதலால் வடதுருவப் பகுதியின் இரவு வானில் தோன்றும் வண்ண ஒளியான துருவ ஒளியைக் காண இயலாது; அக்டோபரில் வானம் தெளிந்திருந்தால் காணலாம். ஆனால், ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் உள்நாட்டு மலைச்சாலைகள் கோடைக்கு உரியவை என்பதால் அவற்றைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். தீவைச் சுற்றும் முதலாம் எண் சாலை சுமார் 1,300 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு இரண்டு முறை போய்வரும் தூரந்தானே என்று கணக்கிட்டுவிடாதீர்கள். அங்கு வீசும் காற்று திறந்த கார்க் கதவையே முறித்துவிடக்கூடும். அந்தச் சேதம் வழக்கமான வாடகைக் காப்பீட்டில் பெரும்பாலும் அடங்காது.

திருவையாறு உறுப்பினர்:
எட்டு நாள்களுக்குத் தென்கரை மட்டுமே போதும் என்பது என் கருத்து. யோகுல்சார்லோன் ஏரியில் மிதக்கும் பனிப்பாறைகளுக்கே அரைநாள் ஒதுக்கலாம். ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கரையில் மட்டும், நம் பூம்புகாரில் நிற்பதுபோல் அலையோரம் நிற்காதீர்கள். எதிர்பாராத பேரலைகள் அங்கே உயிர்களைப் பறித்திருக்கின்றன. ஐஸ்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்திற்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். தயிர்ச்சோறு இல்லாமல் முடியாதென்றால், ஸ்கிர் என்னும் கெட்டியான பால்பொருள் ஓரளவு கைகொடுக்கும்.

மன்னார்குடி உறுப்பினர்:
இருவருக்கும் நன்றி. தென்கரையோடு நிறுத்திக்கொள்கிறோம்.