மறுமொழி: வானொலி நாடகத்துக்குக் கையால் உண்டாக்கும் ஓசை – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். வானொலி நாடகத்துக்காக மழை, இடி, குதிரைக் குளம்படி போன்ற ஓசைகளைக் கையால் உண்டாக்குவதற்கு எங்கள் மாணவர் கையேட்டில் என்ன சொல் இடுவது என்ற கேள்விக்கு வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘ஒலி விளைவு’ புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, இயற்பியல் வகுப்பில் டாப்ளர் விளைவு படிக்கும் மாணவன், ‘ஒலி விளைவு’ என்றதும் ஒலியால் ஏற்படும் ஏதோ ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்வான். நாம் சொல்ல வருவதோ, ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கும் ஒலி. அதைச் செய்கிற கை அந்தச் சொல்லில் எங்கே?

> அப்படியானால் ‘போலியொலி’? ஃபோலி என்பதோடும் ஒத்துவருகிறது.

அம்மா, இது என்னை வெகுவாகக் கவர்ந்தது. யூனிவர்சல் ஸ்டுடியோவில் பணியாற்றிய ஜாக் ஃபோலியின் பெயரால்தான் திரைத்துறை இக்கலையை அழைக்கிறது. இலக்கணத்திலும் ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாதிருந்தால் அது போலி: அறம், அறன். குளம்பொலிக்குக் குதிரையின் இடத்தில் கொட்டாங்கச்சி வந்தும் கதை மாறுவதில்லை! ஆனால் ஃபோலி என்பது ஓடும் படத்துக்குப் பொருத்திச் சேர்க்கும் ஓசை. வானொலியில் பொருத்துவதற்குப் படமே கிடையாது. 1924 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹியூஸின் வானொலி நாடகம், விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்தில் நடக்கிறது. அங்கே காதுக்குக் கிடைப்பதுதான் இடம், பொருள், ஆபத்து எல்லாம். தவிர, போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்றே படித்துப் பழகிய பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இது நகலே அல்ல. எங்கள் பள்ளிப் பட்டறையில், கைபேசியில் பதிவுசெய்த உண்மையான மழையை ஒலிக்கவிட்டேன். கண்ணை மூடிக் கேட்ட பிள்ளைகள் அப்பளம் பொரிகிறது என்றார்கள். பிறகு ஒரு மாணவி முறத்தில் ஒரு பிடி அரிசியை எடுத்து, ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தாள். மழை என்று கத்தினார்கள். கொட்டாங்கச்சியும் அப்படித்தான்: மணல் தட்டில் தட்டினால் மண்பாதை, சிமென்ட் தரையில் தட்டினால் கோட்டை முற்றம், உள்ளே துணி திணித்தால் குதிரை தொலைவுக்குப் போய்விடும். தாளம் தவறினால் மட்டும் குதிரை மறைந்து கொட்டாங்கச்சி மிஞ்சும்.

ஆகவே என் பரிந்துரை: புனையொலி. புனைபெயர், புனைகதை என்ற வரிசையில் இயல்பாக உட்காருகிறது. வினைத்தொகை என்பதால் புனைந்த ஒலி, புனைகின்ற ஒலி, புனையும் ஒலி மூன்றும் அடங்கும். செய்பவர் புனையொலிக் கலைஞர். நாடகப் பிரதியில் ‘புனையொலி: தொலைவில் இடி’ என்று எழுதலாம். சேமிப்பிலிருந்து எடுத்துப் போடுவதைப் ‘பதிவொலி’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சிக்கல். பிஸ்கட் பாக்கெட் தாளைக் கசக்கி உண்டாக்கிய நெருப்பின் சடசடப்பை முன்கூட்டியே பதிவுசெய்து நாடகத்தில் ஓட்டினால், அது எந்த வகை? செய்த விதத்தை வைத்துப் புனையொலி என்றே கொள்ளலாம் என்பது என் கருத்து. மாணவர் கையேடு அச்சுக்குப் போகுமுன் மாற்றுக்கருத்து உடையவர்கள் எழுதுங்கள்.