தத்தெடுத்த நாய் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறாள், என்ன செய்யலாம்?

வணக்கம். நாங்கள் கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. போன ஞாயிறு ஊட்டியில் ஒரு காப்பகத்திலிருந்து இரண்டு வயது நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுத்து வந்தோம். கருத்தடை ஆகிவிட்டது, அதற்கு அடையாளமாகக் காதில் சின்ன வெட்டு இருக்கிறது. ரேபிஸ் ஊசியும் போட்டாயிற்று.

ஆனால் ஆறு நாளாகக் கட்டிலுக்கு அடியில்தான் வாசம். சோறும் கோழி ஈரலும் பிசைந்து வைத்தால், விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் தட்டு நகரும் சத்தமே கேட்கிறது. நேற்று என் மகள் தரையில் படுத்துக்கொண்டு பாடம் படித்தாள். மெல்ல மூக்கு மட்டும் வெளியே வந்தது. குக்கர் விசில் அடித்ததுதான் தாமதம், மறுபடி உள்ளே போய்விட்டாள்.

அவளாக வரட்டும் என்று விட்டுவிடலாமா, கழுத்துப்பட்டை போட்டு மெதுவாகக் கூட்டி வரலாமா? காப்பகத்து நாய் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. "நாய்னா வாசல்லதானே கிடக்கணும்" என்கிறார் மாமியார். இங்கே சிறுத்தை நடமாட்டம் உண்டு. போன மழைக்காலத்தில் கீழ்வீட்டில் சங்கிலியோடு கட்டியிருந்த நாயைத் தூக்கிப் போய்விட்டது. அதனால் மேலேயும் கம்பி வலை போட்ட கூண்டு ஒன்று செய்யலாம் என்றிருக்கிறேன். செய்தவர்கள் யாராவது இருந்தால் கம்பி எவ்வளவு கனம், செலவு என்ன ஆனது என்று சொன்னால் உதவியாக இருக்கும். அதுவரை ராத்திரி வீட்டுக்குள்தான்.

திருப்பிக் கொடுத்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். மகள் பெயர்கூட வைத்துவிட்டாள்: மிளகு.