பிரிந்து வாழும் பெற்றோர்: மகளைச் சந்திக்க மத்தியஸ்த சபையா, நீதிமன்றமா?

கேள்வி: கொட்டாஞ்சேனை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். மனைவியும் நானும் பிரிந்து 14 மாதங்கள் ஆகின்றன. எங்கள் ஒரே மகள் தரம் 3 இல் படிக்கிறாள். தாயுடனும் அம்மம்மாவுடனும் வெள்ளவத்தையில் இருக்கிறாள். விவாகரத்து வழக்கு எதையும் இருவரும் இதுவரை தாக்கல் செய்யவில்லை. முதல் சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை அழைத்துச் சென்றேன். பின்னர் ஒரு வாரம் காய்ச்சல் என்றார்கள், மறு வாரம் வகுப்பு என்றார்கள், அதற்கடுத்த வாரம் தொலைபேசியையே எடுக்கவில்லை. என் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. இரண்டு தடவை மாலை ஆறு மணிக்கு விடுவதாகச் சொல்லிவிட்டு இரவு ஒன்பது மணிக்குத்தான் கொண்டுபோய் விட்டேன்.

கடந்த நான்கு மாதங்களில் பாடசாலை வாசலில் இரண்டு தடவை மட்டுமே அவளைப் பார்த்தேன். இரண்டாவது தடவை, வான் புறப்படுவதற்கு முன் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டி, “அப்பா, மூடியைத் திறந்து தாங்கோ” என்றாள். அந்த மூடியை அவளே திறப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

மாதாந்தப் பணத்தைத் தவறாமல் வங்கியில் இடுகிறேன். அதை நிறுத்தினால் அவர்கள் வழிக்கு வருவார்கள் என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முதலில் மத்தியஸ்த சபைக்குப் போயே ஆகவேண்டுமா? நீதிமன்றம் என்றால் எந்த நீதிமன்றம்? மகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்களா? எனக்குச் சிங்களம் பேச வரும்; ஆனால் சட்ட ஆவணங்களை வாசிக்கும் அளவுக்கு வராது.

பதில்: ஓய்வுபெற்ற சட்டத்தரணி, புதுக்கடை

பணத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் தவறான அந்த ஆலோசனையால் வழக்கைக் கெடுத்துக்கொண்ட தந்தையர் பலரைக் கண்டிருக்கிறேன். தாபரிப்பும், அதாவது பிள்ளையின் பராமரிப்புக்கான பணமும், பிள்ளையைப் பார்க்கும் உரிமையும் வெவ்வேறானவை. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி தாபரிப்பு வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறது. பிள்ளையின் பாதுகாவலும் பார்வையிடும் உரிமையும் மாவட்ட நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. பார்க்க விடவில்லை என்று பணத்தை நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லை. பணம் வரவில்லை என்று பார்க்க விடாமல் தடுக்கவும் தாய்க்கு உரிமை இல்லை. வங்கிப் பற்றுச்சீட்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்து வையுங்கள்.

மத்தியஸ்த சபைகள் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. சிறிய கடன், வேலித் தகராறு போன்ற விடயங்களுக்கு அங்கு சென்று, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழுடன்தான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்ற விதி உண்டு. பிள்ளையின் பாதுகாவலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருவரும் விரும்பினால் போகலாம். அங்கே தீர்ப்பு வழங்கப்படுவதில்லை. பயிற்சி பெற்ற தொண்டர்கள் இரு தரப்பையும் இருத்திப் பேச வைப்பார்கள். மற்றவர் வர மறுத்தால் விடயம் அத்துடன் நின்றுவிடும். பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தரையும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் அணுகலாம். என் அனுபவத்தில், மனைவியின் குடும்பம் மதிக்கும் ஒருவர் முன்னிலையில் நடக்கும் பேச்சு சில வேளைகளில் சபையைவிடப் பயன் தருகிறது. ஆனால் அவர் இரு பக்கத்துக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும். உங்கள் பெரியப்பாவாக இருக்கக் கூடாது.

பேச்சில் எதை முடிவு செய்தாலும் அது வெறும் வாய்ச்சொல்லாக நிற்கக் கூடாது. இணக்கம் ஏற்பட்டால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, அந்த நிபந்தனைகளை நீதிபதி முன் பதிவு செய்து கட்டளையாகப் பெறலாம். பிள்ளையின் நலனுக்கு அவை ஒத்தவையா என்று நீதிபதி பார்ப்பார், ஏனெனில் பெற்றோர் இருவருக்கும் மேலான பாதுகாவலர் என்ற நிலையில் நீதிமன்றம் இருக்கிறது. விவாகரத்து வழக்கு இல்லாமலேயே இத்தகைய மனுவைத் தாக்கல் செய்ய முடியும். இணக்கம் இல்லாவிட்டால், இறுதித் தீர்ப்பு வரும்வரை உங்கள் மகளைப் பார்க்க இடைக்காலக் கட்டளை ஒன்றைக் கோருங்கள். வழக்குகள் தவணைக்குத் தவணை நீளும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது மிக நீண்ட காலம்.

எங்கள் பொதுச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டம். திருமணம் நீடிக்கும் காலத்தில் தந்தையே இயற்கைப் பாதுகாவலர் என்ற பழைய முன்னுரிமை அதில் உண்டு. அதை நம்பி நீங்கள் வாதாட வேண்டாம் என்பது என் கருத்து. இன்று நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையே முதலில் நிறுத்துகின்றன. சிறு பிள்ளைகள் தாயிடம் இருப்பதை இலகுவில் மாற்றவும் மாட்டார்கள். உங்கள் தேவை பாதுகாவல் அல்ல, தொடர்புதான் என்றால், மனுவிலும் அதை மட்டுமே கேளுங்கள்.

மகளைக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். தேவையெனக் கண்டால் நீதிபதி தமது அறையில் அவளுடன் தனியாகப் பேசக்கூடும். நன்னடத்தை உத்தியோகத்தர் இரு வீடுகளையும் பார்த்து அறிக்கை தருமாறும் பணிக்கப்படலாம். அவர் உங்கள் வீட்டுக்கு வரும்போது, மகள் எங்கே படுப்பாள், எங்கே படிப்பாள் என்று பார்ப்பார். அதை இப்போதே யோசித்து வையுங்கள்.

மொழியைப் பற்றி: கொழும்பில் நடவடிக்கைகள் சிங்களத்தில் நடக்கும். ஆனால் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையின்படி நீங்கள் மனுவைத் தமிழிலேயே சமர்ப்பிக்கலாம். மொழிபெயர்ப்பையும் உரைபெயர்ப்பையும் அரசே வழங்க வேண்டும். கூச்சமில்லாமல் கேளுங்கள். விளங்காத ஒரு நிபந்தனையின் கீழ் கையொப்பமிடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்; வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள்.

பொலிஸில் முறைப்பாடு செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பதிவு இருப்பதில் தவறில்லை. பிள்ளை யாருடன் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பொலிஸாருக்கு இல்லை.

பதில்: தெஹிவளைத் தாய்

அண்ணா, நான் மறுபக்கத்தில் நின்றவள். என் மகன் என்னுடன் இருக்கிறான். அவனுடைய அப்பா வாரம்தோறும் வந்து கூட்டிச் செல்கிறார். இதை எழுதும்போது எங்களுக்குள் சண்டை இல்லை. ஆனால் இந்த நிலைக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதலில் பெரியவர்கள் கூடி, “வசதியான நேரத்தில் தகப்பன் பார்க்கலாம்” என்று ஒரு தாளில் எழுதினார்கள். அந்த ஒரு வரியால் எங்களுக்கு வந்த துன்பம் கொஞ்சமல்ல. யாருக்கு வசதியான நேரம்? அவர் போயா தினத்தன்று காலையில் சொல்லாமல் வந்து நிற்பார். நான் கதவைத் திறக்க மாட்டேன். மகன் சன்னல் திரைக்குப் பின்னால் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பான். நீங்கள் ஒன்பது மணிக்கு விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று மணி நேரம் வாசலில் நின்ற தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நான் அறிவேன். அவர் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

பின்னர் நீதிமன்றத்தில் பதிவு செய்த நிபந்தனைகளில் கிழமை, மணி, இடம் எல்லாவற்றையும் எழுதினோம். சனிக்கிழமை காலை 9 மணிக்கு விகாரமகாதேவி பூங்கா வாசலில் ஒப்படைப்பது, மாலை 5 மணிக்கு அதே இடத்தில் திருப்பி விடுவது, தாமதமானால் அரை மணி நேரத்துக்கு முன்பே செய்தி அனுப்புவது. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளைப் பாதியாகப் பிரித்தோம். தைப்பொங்கல் ஓராண்டு அங்கே, மறு ஆண்டு இங்கே. வீட்டு வாசலில் ஒப்படைப்பதில்லை என்று முடிவெடுத்ததுதான் எங்களுக்குப் பெரிய நிம்மதி. இரு பக்கத்து மாமியாரும் அங்கே இல்லை. மகனின் பையில் ஒரு சிறு கொப்பி போகும், வரும். மருந்து எத்தனை மணிக்கு, சாப்பிட்டானா, வீட்டுப்பாடம் முடிந்ததா என்பவை மட்டுமே அதில் இருக்கும். வேறு எதையும் அதில் எழுதுவதில்லை. அவனிடம் சொல்லி அனுப்புவதும் இல்லை.

பதில்: உளவளத்துணையாளர்

பொதுவாக வாசிப்பவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். அடி, மிரட்டல், பின்தொடர்தல் இருந்த குடும்பங்களுக்கு மத்தியஸ்தம் ஏற்றதன்று. பயந்தவரும் பயமுறுத்தியவரும் ஒரே மேசையில் சமமாகப் பேச முடியாது. அவர்கள் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை அழைக்கலாம். கேள்வி கேட்டவருக்கு: பாடசாலை வாசலில் இனிக் காத்து நிற்காதீர்கள். உங்களைக் கண்டதும் அவள் மகிழ்ந்தாலும், வான் ஏறிய பின் வீட்டில் இதைச் சொல்வதா மறைப்பதா என்ற பாரம் அவள் தலையில் விழுகிறது.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. வாசலில் நிற்பதை நிறுத்துகிறேன். அந்தப் பாரத்தை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. இன்னொரு பயம் இருக்கிறது. மனைவியின் தமையனார் கனடாவில் இருக்கிறார். அங்கே போகும் பேச்சும் அடிபடுகிறது. மகளைக் கொண்டுபோய்விட்டால் என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற சட்டத்தரணி, புதுக்கடை

சர்வதேசப் பிள்ளைக் கடத்தல் பற்றிய 1980 ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்துக்கு இங்கே சட்ட வலுக் கொடுப்பது 2001 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை முறைகேடாகக் கொண்டுபோனால், வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கோரும் வழி அதில் உண்டு. ஆனால் அதன் கீழ் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்ட நாடுகளுக்கிடையில்தான் அது செயற்படும். காலமும் செலவும் பிடிக்கும். பிள்ளை புறப்பட்ட பின் ஓடுவதைவிட, புறப்படும் முன் தடுப்பது எளிது. நீதிமன்ற அனுமதியின்றி மகளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்ற கட்டளையை அதே மனுவில் கேளுங்கள். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார் என்பது மட்டும் போதாது. என்ன பேச்சு, எப்போது, யாரிடம் என்பதைச் சத்தியக்கடதாசியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஊகத்தை உண்மைபோல் எழுதாதீர்கள். அது மனைவியைச் சீண்டும்; உங்கள் சொல்லின் மதிப்பையும் குறைக்கும்.

கேள்வி கேட்டவர்

நேற்று மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, இருவருக்கும் பொதுவான ஆசிரியை ஒருவர் மூலம் அனுப்பினேன். ஒன்பது மணிக்கு விட்டதற்கு முதல் பந்தியிலேயே மன்னிப்புக் கேட்டேன். சனிக்கிழமை அவளுக்கு நடன வகுப்பு 11 மணிக்கு முடிகிறது. அங்கிருந்து பிற்பகல் 3 மணி வரை என்று கேட்டிருக்கிறேன். இரண்டு வாரங்களில் பதில் வராவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போவதாக ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன். பற்றுச்சீட்டுகளைத் திகதிப்படி அடுக்கி ஒரு கோப்பில் போட்டுவிட்டேன்.