500 ரூபாய்க்கு மாடியில் ரோஜா

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

சனிக்கிழமை

காயத்ரி: எல்லோருக்கும் வணக்கம். மாடியில் ரோஜா வளர்க்கலாம் என்று ஆசை. தலைக்கு வைக்கிற ஒற்றை ரோஜாவுக்கே தாம்பரத்தில் 20 ரூபாய் கேட்கிறார்கள். கையில் 500 ரூபாய் இருக்கிறது, அதற்குள் முடிய வேண்டும். இதுவரை துளசியைத் தவிர எதுவும் வளர்த்ததில்லை. என்ன வாங்கலாம்?

கோவை அண்ணன்: அரைக் கிலோ மட்டன்.

அண்ணி: நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள். காயத்ரி, ஓசூர் மாமாவைக் கேள். அவர் ஊரே ரோஜாதான்.

பெரியப்பா: (பலமுறை அனுப்பப்பட்டது) நீலம், கறுப்பு, வானவில் நிற ரோஜா விதைகள்!! 100 விதை 99 ரூபாய். இன்று மட்டும்!!

பெரியப்பா: இதைப் பாரம்மா. மலிவாக இருக்கிறது.

ஓசூர் மாமா: அத்தான், பணம் கட்டிவிடாதீர்கள். ரோஜாவை யாரும் விதை போட்டுப் பூவுக்கு வளர்ப்பதில்லை. விதை முளைத்தாலும் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. நீலத்துக்கான நிறமியே ரோஜாவில் கிடையாது. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'நீல' ரோஜாகூடப் பார்க்க இளம் ஊதாதான்.

பெரியப்பா: அப்போ படத்தில் இருப்பது?

ஓசூர் மாமா: கம்ப்யூட்டரில் அடித்த வண்ணம்.

பெரியப்பா: 🙏

காயத்ரி: மாமா, கடைகளில் நீளக் காம்போடு சிவப்பு ரோஜா விற்கிறார்களே, அந்த வகைச் செடி கிடைக்குமா?

ஓசூர் மாமா: அது தாஜ்மகால் ரகம். காதலர் தினத்துக்காக இங்கே இப்போது அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பசுமைக்குடில், சொட்டுநீர், வாரம் தவறாமல் மருந்து எல்லாம் உண்டு. அதோடு ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ராத்திரி குளிரும். உன் மாடியில் மே மாத வெயிலில் அது படும் பாட்டைப் பார்க்க உனக்கே மனசு கேட்காது. பன்னீர் ரோஜா வாங்கு.

மதுரை சித்தி: அதேதான். எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்கிறது, அதை யாரும் கவனிப்பதே இல்லை. பூ சின்னதுதான், மாலைக்குள் இதழ் உதிர்ந்துவிடும். ஆனால் அந்த வாசனை வேறு எதில் இருக்கிறது?

அண்ணி: எனக்குப் பட்டன் ரோஸ் பிடிக்கும். கொத்துக் கொத்தாகப் பூக்கும். வாசனைதான் அவ்வளவாக இல்லை.

ஓசூர் மாமா: பட்டன் ரோஸும் நல்லதுதான். பன்னீரில் ஒரு வசதி, அது சொந்த வேரில் வளர்வது. ஒட்டுச்செடி என்றால் ஒட்டுக்குக் கீழே இருப்பது காட்டு ரோஜாவின் வேர். அங்கிருந்து ஒரு குச்சி கிளம்பி விறுவிறுவென்று வளரும். செடி நன்றாகப் பிடித்துவிட்டது என்று புதிதாக வளர்ப்பவர்கள் சந்தோஷப்படுவார்கள். அது சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், மேலே ஒட்டு காய்ந்துபோகும். பன்னீரில் அடியிலிருந்து எது வந்தாலும் பன்னீர்தான்.

காயத்ரி: நர்சரியில் எதைப் பார்த்து எடுப்பது? பூ இருக்கிற செடியையா?

ஓசூர் மாமா: பூவைப் பார்க்காதே. அடியிலிருந்து இரண்டு மூன்று குச்சிகள் பச்சையாக, பென்சில் கனத்தில் வந்திருக்க வேண்டும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார். பழைய குச்சியில் செதில் செதிலாகப் பொரிந்த மாதிரி ஒட்டியிருந்தால் செதில் பூச்சி, அதைத் தொடாதே. துளிர் சிவப்பாக இருந்தால் நோய் என்று பயப்படாதே, ரோஜாத் துளிர் அப்படித்தான் இருக்கும்.

ஓசூர் மாமா: முக்கியமானது மண்கட்டி. பல நர்சரிகளில் கறுப்புக் கவருக்குள் களிமண்ணை உருட்டி வைத்த மாதிரி இறுகிப்போயிருக்கும். அதை அப்படியே தொட்டியில் வைத்தால் நீ ஊற்றும் தண்ணீர் கட்டியைச் சுற்றி ஓடிவிடும், வேர் காய்ந்தே கிடக்கும். வாங்கி வந்து ஒரு வாரம் அரை நிழலில் வை. அப்புறம் கவரைக் கிழித்து, கட்டியை வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெளிப்பக்க மண்ணை மட்டும் விரலால் மெல்ல உதிர்த்துவிடு. நடுக்கட்டி உடையக் கூடாது.

கோவை அண்ணன்: மாமா பிஎச்டி.

மதுரை சித்தி: தொட்டிக்குக் காசு செலவு செய்யாதே. பெயிண்ட் அடிப்பவர்களிடம் கேட்டால் 20 லிட்டர் வாளி சும்மாவே கொடுப்பார்கள். நன்றாகக் கழுவி, அடியில் ஐந்தாறு ஓட்டை போடு.

காயத்ரி: மாடி ஒழுகும் என்று வீட்டுக்காரம்மா சண்டைக்கு வருவாரே?

மதுரை சித்தி: இரண்டு செங்கல் போட்டு அதன்மேல் வை. தரை காயும், வாளிக்குச் சூடும் ஏறாது. முதல் பூ பூத்ததும் அவர் தலைக்குக் கொடுத்துவிடு, அப்புறம் எந்தச் சண்டையும் வராது.

அண்ணி: 😂

காயத்ரி: மண்?

ஓசூர் மாமா: செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. செடி 50, 60 ரூபாய் இருக்கும். மற்றதெல்லாம் சேர்த்து 400-க்குள் முடிந்துவிடும். மிச்சக் காசில் நல்ல கத்தரிக்கோல் ஒன்று வாங்கு. மழுங்கின கத்தியால் நசுக்கி வெட்டினால் அங்கிருந்துதான் குச்சி கருகிக் கீழே இறங்கும்.

பெரியப்பா: முட்டை ஓடு, வாழைப்பழத்தோல், டீத்தூள் போடச் சொல்லி வீடியோ வந்தது. அனுப்பவா?

ஓசூர் மாமா: வேண்டாம் அத்தான். டீத்தூள் போடலாம், ஆனால் பாலும் சர்க்கரையும் போகக் கழுவ வேண்டும், இல்லையென்றால் எறும்புதான் வரும். முட்டை ஓடு மக்க ரொம்ப நாளாகும். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினாலே போதும். நாற்றம் அடிக்கும், சொல்லிவிட்டேன்.

கோவை அண்ணன்: வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு பூவாகக் கொடுத்துவிடு.

(மாலை)

காயத்ரி: நர்சரிக்குப் போய்விட்டுத்தான் வருகிறேன். (புகைப்படம்) மாமா, இது சரியா?

ஓசூர் மாமா: குச்சி நன்றாக இருக்கிறது. அந்த மொட்டு ஏன் ஓரம் பழுப்பாக இருக்கிறது? ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து மொட்டைத் தட்டு.

காயத்ரி: ஐயோ, குட்டிக் குட்டியாக ஏதோ ஓடுகிறது. தலைமுடி நுனி அளவுகூட இல்லை!

ஓசூர் மாமா: இலைப்பேன். அதுதான் மொட்டை விரியவிடாமல் கருக வைக்கும். இருக்கிற மொட்டுகளைக் கிள்ளிக் குப்பையில் போடு, தொட்டியில் போடாதே. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வாரம் ஒருமுறை சாயங்காலம் அடி, வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

காயத்ரி: மொட்டையும் கிள்ள வேண்டுமா 😢

ஓசூர் மாமா: கிள்ளு. இப்போது அது வேர் பிடிக்கட்டும். தை மாதத்தில் வைத்தால் பங்குனி வெயிலுக்குள் காலூன்றிவிடும். தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாகப் பார். தண்ணீரை விரலை விட்டுப் பார்த்து ஊற்று, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும். கோடையில் மேலே காய்ந்த இலைகளைப் பரப்பிவிடு. இலை வெளிறி அடியில் நூலாம்படை மாதிரி தெரிந்தால் சிலந்திப்பேன், தண்ணீரை இலையின் அடிப்பக்கம் பீய்ச்சு.

அண்ணி: கவாத்து எப்போது மாமா? எங்கள் செடி ஆள் உயரத்துக்குப் போய்விட்டது, பூவைக் காணோம்.

ஓசூர் மாமா: கிளைகளைக் குறைத்து வெட்டுகிற பெரிய கவாத்து சமவெளியில் அக்டோபர், நவம்பரில்தான். இப்போது பூ வாடினதும் அதற்குக் கீழே ஐந்து இலை சேர்ந்த முதல் இலைக்காம்புக்கு மேலாகச் சாய்வாக வெட்டிக்கொண்டே வா. அங்கிருந்து புதுக்கிளை வரும். பன்னீர் புதுக்கிளை நுனியில்தான் பூக்கும், வெட்டப் பயந்தால் பூ இல்லை.

மதுரை சித்தி: காயத்ரி, இரண்டாவது செடிக்குக் காசு கொடுக்காதே. நடுவதற்குக் குச்சி தருகிறேன். பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளம், இலையைக் கழித்துவிட்டு, அடியில் கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, கற்றாழைச் சோற்றில் தோய்த்து மணலில் குத்தி நிழலில் வை.

காயத்ரி: துளிர்த்ததும் எடுத்து நட்டுவிடலாமா?

மதுரை சித்தி: அவசரப்படாதே. குச்சியில் இருக்கிற சத்திலேயே முதலில் துளிர்க்கும், வேர் வந்திருக்காது. வேர் வந்ததா என்று இழுத்துப் பார்த்தே பாதிப் பேர் கெடுப்பார்கள். ஒரு மாதம் தொடாதே.

ஓசூர் மாமா: தங்கச்சி சொல்வது நூற்றுக்கு நூறு.

மதுரை சித்தி: சித்தப்பா வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறார். குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்துவிடுகிறேன். தாம்பரத்தில் நிற்கும், வந்து வாங்கிக்கொள்.

காயத்ரி: சித்தப்பா விடிகாலையில் தூங்கிவிடுவாரே சித்தி?

மதுரை சித்தி: செங்கல்பட்டு தாண்டியதும் நீயே போன் அடி.